கைரேகை விழுந்தது சரி, அரிசி கிடைத்ததா? ஒரு தொழில்நுட்பம் மக்களுக்கு உதவுகிறதா என்பதை அளப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் ஒரு ரேஷன் கடை. திங்கட்கிழமை காலை தக்காளி பறிக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு பெண் வரிசையில் நிற்கிறார். "சர்வர் கிடைக்கலைங்க, நாளைக்கு வாங்க" என்று பதில் வருகிறது. மறுநாள் மீண்டும் வருகிறார். கருவியில் விரலை வைக்கிறார், பதியவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், அப்போதும் பதியவில்லை. மூன்றாவது முறை வேறு விரல். "ம்ம், விழுந்துடுச்சு" என்கிறார் விற்பனையாளர். பில் வருகிறது, அரிசியும் கிடைக்கிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

இப்போது கேள்வி: இந்தக் கருவி நன்றாக வேலை செய்ததா, இல்லையா?

பரிவர்த்தனையைக் கணக்கில் எடுத்தால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது 100 சதவீத வெற்றி. விரல் வைத்த முயற்சிகளைக் கணக்கில் எடுத்தால் மூன்றுக்கு ஒன்று, 33 சதவீதம். அந்தப் பெண்ணைக் கேட்டால் "ரெண்டு நாள் அலைஞ்சேன், அரை நாள் கூலி போச்சு" என்பார். திங்கட்கிழமை அவர் திரும்பிப் போனது எந்தக் கணக்கிலும் இல்லை. விரலே வைக்காத நாளுக்குக் கருவியில் பதிவு எப்படி இருக்கும்?

நடந்தது ஒன்றுதான். கிடைக்கும் எண்கள் மூன்று. அரசின் திரையில் எந்த எண் தெரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் "திட்டம் வெற்றி" என்றோ "மக்கள் அவதி" என்றோ முடிவு செய்யப்படுகிறது.

எதை அளக்க வேண்டும்?

இதற்கு உலக அளவில் ஒரு வரையறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை 1998-ல் வந்தது, 2018-ல் திருத்தப்பட்டது. ஒரு கருவியோ செயலியோ பயன்படுத்த ஏற்றதாக இருக்கிறதா என்று பார்க்க அது மூன்று விஷயங்களைக் கேட்கச் சொல்கிறது. வந்த வேலை முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவானது? பயன்படுத்தியவர் திருப்தியாக இருக்கிறாரா?

இதைவிட முக்கியமான ஒரு நிபந்தனையும் அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. இந்த மூன்றையும் பொத்தாம்பொதுவாக அளக்கக் கூடாது. குறிப்பிட்ட மக்கள், குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட சூழல் என்று வைத்துத்தான் அளக்க வேண்டும். சென்னையில் ஏசி அறையில் சோதித்துப் பார்த்த கருவி சித்தேரி மலையில் எப்படி வேலை செய்கிறது என்பதை சித்தேரியில்தான் அளக்க முடியும்.

தருமபுரியை ஏன் பார்க்க வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் சுமார் 15 லட்சம் பேர். எழுத்தறிவு 68.5 சதவீதம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அப்போது இதுதான் கடைசி. மக்களில் பெரும்பாலானோர் கிராமத்தில் இருக்கிறார்கள். மாந்தோப்பு, தக்காளி, புளி, பட்டுக்கூடு, கல் வேலை என்று கையால் செய்யும் தொழில்கள் அதிகம். கல்லும் மண்ணும் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்த விரல்கள், வயதானதால் தோல் வறண்ட விரல்கள் இங்கே ஏராளம். இன்னொரு பக்கம், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட குடும்பங்கள். ஊரில் தாத்தா பாட்டி மட்டும்தான் மிச்சம்.

ஒரு தொழில்நுட்பம் இங்கே தேறினால் மற்ற இடங்களில் பெரும்பாலும் தேறிவிடும். மாநில சராசரியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் ரேஷன் அட்டை 2017 ஏப்ரலில் வந்தது. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தோடு கைரேகை சரிபார்ப்பும் பரவலானது. பெங்களூரில் சித்தாள் வேலை பார்க்கும் ஒருவருக்கு இதனால் லாபம் உண்டு: தகுதியுள்ள அட்டையாக இருந்தால் அங்கேயே மத்திய அரசின் ஒதுக்கீட்டை வாங்க முடியும். ஆனால் அவருடைய தாயார் பென்னாகரத்தில் தனியாகக் கடைக்குப் போய், விரல் பதியாமல் திரும்பினால்? ஒரே குடும்பம், ஒரே தொழில்நுட்பம். மகனுக்குக் கிடைத்த வசதி தாயாருக்குச் சுமையாகிறது. சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு "பரவாயில்லை" என்று வரும்.

88 சதவீதம் நல்ல மார்க்கா?

2018 மார்ச்சில் ஆதார் வழக்கு விசாரணையின்போது, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 சதவீதம் வெற்றி பெறுகிறது என்று ஆதார் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பரீட்சையில் 88 எடுத்தால் வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். ரேஷனில் அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா?

மீதி 12 யார் என்று தெரியாமல் சொல்ல முடியாது. நூறு பேரில் 12 பேருக்கு ஒவ்வொரு மாதமும் பதியவில்லை என்றால் அவர்களுக்கு அந்தக் கடை மூடியிருப்பதும் திறந்திருப்பதும் ஒன்றுதான். அதுவே, எல்லோருக்கும் எப்போதாவது ஒருமுறை பதியாமல் போய், மறுபடி வைத்தால் பதிந்துவிடுகிறது என்றால் அது வெறும் சலிப்பு. இரண்டுக்கும் சதவீதம் ஒன்றேதான். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் "தோல்வி எத்தனை சதவீதம்?" என்ற கேள்வியோடு நிறுத்துவதில்லை. "தோல்வி யாரிடம் போய்க் குவிகிறது?" என்றும் கேட்கிறார்கள். வயது, ஆண்-பெண், தொழில், ஊர் என்று பிரித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

கைரேகை பதியவில்லை என்றால் பொருள் மறுக்கக் கூடாது என்பதுதான் விதி. கருவிழிப் பதிவு, மொபைலுக்கு வரும் ஓடிபி, பதிவேட்டில் கையெழுத்து என மாற்று வழிகள் வைக்கப்பட்டுள்ளன. நேரில் வர முடியாதவர்கள் வேறொருவரை நியமித்து அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். விதி இருக்கிறது, ஆனால் அது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதும் அளக்க வேண்டிய ஒன்றுதான். மாற்று வழி இருப்பது தெரியாதவருக்கு மாற்று வழி இல்லை.

ஆந்திராவில் ஜெயித்தது, ஜார்க்கண்டில் ஏன் தோற்றது?

கைரேகைத் தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற சண்டை பல வருடமாக ஓடுகிறது. அதற்குக் கிட்டத்தட்ட விடை சொல்லும் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டிலும் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்களே முக்கியப் பங்கு வகித்தார்கள்.

முதலாவது, பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசம். 100 நாள் வேலைக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுத்தார்கள். 157 மண்டலங்களில், எங்கே முதலில் எங்கே பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவு: கூலி வாங்க ஆகும் நேரம் சராசரியாக 22 நிமிடம் குறைந்தது, பணம் சில நாட்கள் முன்னதாகவே வந்தது, நடுவில் காணாமல் போகும் தொகையும் குறைந்தது. பயனாளிகளிலும் மிகப் பெரும்பாலோர் பழைய முறையைவிட இதுவே மேல் என்றார்கள்.

இரண்டாவது, ஜார்க்கண்ட். ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகை கட்டாயமாக்கப்பட்டது. 2020-ல் வெளியான ஆய்வின்படி, ரேஷன் வாங்க பயனாளிக்கு ஆகும் செலவு சராசரியாக 17 சதவீதம் கூடியது. அட்டையோடு ஆதாரை இணைக்காதவர்கள் சுமார் 23 சதவீதம். அவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு 10 சதவீதம் சரிந்தது. கைரேகையை மட்டும் வைத்துப் பார்த்தால் கசிவு குறையவில்லை. பிறகு, கருவியில் பதிவான இருப்பை வைத்துக் கடைகளுக்கான ஒதுக்கீட்டை வெட்டியபோது கசிவு குறைந்தது. கூடவே மக்கள் கைக்கு வந்த பொருளும் குறைந்தது.

இரண்டு இடத்திலும் கைரேகைதான். பிறகு எங்கே வித்தியாசம்? ஆந்திராவில் பணம் கிராமத்துக்கே வந்தது, ஊர்ப் பெண் ஒருவரே கருவியோடு உட்கார்ந்து கொடுத்தார். கார்டு இல்லாதவருக்குக் கூலியே கிடையாது என்று கதவைச் சாத்தவும் இல்லை. ஜார்க்கண்டில் கடை அதே கடை, தூரம் அதே தூரம். கூடுதலாக ஒரு பூட்டு மட்டும் வந்தது. கருவியின் கைரேகைத் துல்லியத்தை மட்டும் அளந்திருந்தால் இந்த வேறுபாடு பிடிபட்டே இருக்காது. பயனாளியின் நேரம், செலவு, கையில் கிடைத்தது ஆகியவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டதால்தான் தெரிந்தது.

தராசு நேர்மையானது, வரிசை நீளமானது

"அரிசி எடை குறையுது" என்பது ரேஷன் கடை பற்றிய மிகப் பழைய புகார். அதற்கு மருந்தாக, மின்னணுத் தராசையும் பில் போடும் பிஓஎஸ் கருவியையும் ப்ளூடூத் மூலம் இணைக்கும் முறை தமிழ்நாட்டில் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. சரியான எடை தராசில் வந்தால்தான் பில் வரும். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இணைப்பு வந்த பிறகு ஒரு அட்டைக்கு ஆகும் நேரம் கூடிவிட்டது, வரிசை நகர மறுக்கிறது, கோபத்தை நாங்கள்தான் வாங்கிக்கட்டிக்கொள்கிறோம் என்று கடை ஊழியர்கள் குரல் எழுப்பினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, கருவியைப் பயன்படுத்துபவர் அட்டைதாரர் மட்டும் இல்லை என்பது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும் விற்பனையாளரும் பயனர்தான். அவருடைய நேரத்தை அளக்காத எந்தக் கணக்கும் பாதிக் கணக்கு.

எடை சரியாகக் கிடைப்பதும் நேரம் வீணாவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒன்றை மட்டும் அளந்தால் ஒரு தரப்பு ஜெயித்ததாகத் தோன்றும்.

தொப்பூர் முகாமில் என்ன நடந்தது?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம்களை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான். நாள்: 2023 ஜூலை 24. இந்த மாவட்டத்தைத் தேர்வு செய்ததற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கப்பட்டது இங்கேதான்.

பதிவு முறையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடை ஊழியர் மூலம் வீட்டுக்கே வந்தன. எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டோக்கனில் இருந்தது. முகாமில் தன்னார்வலர்கள் மொபைல் செயலியில் விவரங்களை ஏற்றினார்கள். விண்ணப்பித்த பெண்ணுக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், ‘லாகின்’ என்றால் என்ன என்று தெரிய வேண்டியதும் இல்லை. எழுத்தறிவு குறைந்த ஒரு மாவட்டத்தில், தொழில்நுட்பத்தின் சுமையை மக்கள் தலையில் ஏற்றாமல் வைத்த ஏற்பாடு இது.

ஆனால் முகாமோடு கதை முடியவில்லை. மாநிலம் முழுக்க சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தகுதியானவர்களாகத் தேர்வானார்கள். வருமானம், நிலம், வாகனம், மின்சாரப் பயன்பாடு என்று அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவல்களோடு விண்ணப்பங்களை ஒப்பிட்டுத்தான் முடிவு எடுத்தார்கள். இந்த ஒப்பீடு விண்ணப்பித்தவர் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. பதிவேட்டில் தவறு இருந்தால் அது தெரிய வருவது, "நிராகரிக்கப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் வரும்போதுதான்.

நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் மூலம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தார்கள். அந்த இரண்டாம் கட்டத்தில், முகாமில் கிடைத்த கைத்தாங்கல் இல்லை. எஸ்எம்எஸ்ஸைப் படிக்க வேண்டும், காரணம் புரிய வேண்டும், மையத்துக்குப் போக வேண்டும். எனவே இந்த அமைப்பு எப்படி என்று அளப்பவர், பதிவானவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்தக் கூடாது. தகுதி இருந்தும் நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மேல்முறையீடு வரை வந்தார்கள், எத்தனை பேர் "போகட்டும் விடு" என்று இருந்துவிட்டார்கள் என்பதையும் தேட வேண்டும். இரண்டாவது கூட்டத்தை எந்தத் திரையும் காட்டாது.

போட்டோ எடுத்தாச்சு, வேலை நடந்ததா?

100 நாள் வேலையில் வருகைப் பதிவுக்காக ‘என்எம்எம்எஸ்’ என்ற செயலியை மத்திய அரசு 2021 மே மாதம் அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் தவிர எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமானது. தினமும் இரண்டு முறை, இடமும் நேரமும் பதிவாகும்படி தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். போலி வருகையைத் தடுப்பதே நோக்கம்.

சிக்னல் இல்லாத இடத்தில் படம் ஏறவில்லை என்றால் அன்றைய வேலைக்கு அத்தாட்சி இல்லை. வேலை முடிந்த பிறகும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் நாட்டின் பல பகுதிகளில் இருந்து வந்தது. சரி, இவ்வளவு சிரமத்துக்கும் பலனாகப் போலி ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமே இல்லாத படங்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுவது, ஒரே ஆட்கள் பல பட்டியலில் வருவது என்று முறைகேடுகளைப் பட்டியலிட்டு, படங்களை மனிதர்களே சரிபார்க்கும்படி சொன்னது.

அளவுகோல் ‘படம்’ என்று ஆனதும், படம் தயாரிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. உண்மையாக மண் வெட்டியவர் சிக்னலைத் தேடினார், ஏமாற்ற நினைத்தவர் பழைய படத்தைத் தேடினார்.

சரி, எப்படித்தான் அளப்பது?

எளிய கருவி ஒன்று உண்டு. 1986-ல் ஜான் புரூக் என்பவர் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் அது. "இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்", "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டிப் பெருக்கினால் 100-க்கு ஒரு எண் வரும். 68 வந்தால் சராசரி என்று வைத்துக்கொள்கிறார்கள். செலவு குறைவு, உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு அரூர் பக்கம் போனால் வேலைக்கு ஆகாது. ஐந்து கட்டத்தில் டிக் அடித்துப் பழகாதவரிடம் அது இன்னொரு பரீட்சை ஆகிவிடும். பேண்ட் சட்டை போட்டவர் வந்து கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: போன மாசம் எத்தனை தடவை கடைக்குப் போனீங்க? எவ்வளவு நேரம் நின்னீங்க? பொருள் எல்லாம் கிடைச்சுதா? யாரையாவது துணைக்குக் கூப்பிட்டீங்களா? யாருக்காவது காசு கொடுத்தீங்களா? கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்டால் பதில் நம்பகமாக இருக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்யவும் முடியும். 2018-ல் தெலங்கானா, ‘ரைத்து பந்து’ திட்டத்தில் சுமார் 57 லட்சம் விவசாயிகளுக்குப் பண உதவி கொடுத்தபோது, குலுக்கலில் தேர்வான சில பகுதிகளின் அதிகாரிகளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லப்பட்டது: "பணம் கிடைத்ததா என்று விவசாயிகளுக்கே போன் போட்டுக் கேட்போம்." அவ்வளவுதான். புதிய செயலி இல்லை, புதிய கருவி இல்லை. அந்தப் பகுதிகளில், பணம் கிடைக்காமல் போனவர்களின் எண்ணிக்கை மற்ற இடங்களைவிட 7.8 சதவீதம் குறைந்தது. கூடுதலாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் ஆன செலவு நான்கு ரூபாய்க்கும் குறைவு.

கருவியே வேண்டாம் என்றும் ஒரு பதில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்கள் வீட்டுக்கே போகின்றன. தொடங்கியபோது 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் வந்தார்கள். வரிசையும் நடையும் மிச்சம். ஆனால் வாசலுக்கு வரும் ஊழியர் கையிலும் பில் கருவி இருக்கிறது. அது வத்தல்மலை வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அடுத்து அளக்க வேண்டிய கணக்கு.

உங்கள் கையில் இருக்கும் அளவுகோல்

ரேஷன் பொருள் வாங்கியதும் பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரும். பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கருவி என்ன பதிவு செய்தது என்பதை நீங்கள் நேரடியாகப் பார்க்கக் கிடைக்கும் ஓர் இடம் அது. வாங்காத பொருள் வாங்கியதாக வந்தாலோ, அளவு மாறியிருந்தாலோ 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

"சர்வர் இல்லை", "ரேகை விழலை" என்று திருப்பி அனுப்பினால் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு அதே எண்ணில் பதிவு செய்யுங்கள். கருவியில் பதிவாகாத அந்தத் திங்கட்கிழமை, அரசின் கணக்கில் ஏற இது ஒரு வழி. வீட்டில் பெரியவர்கள் இருந்து தொடர்ந்து கைரேகை பதியவில்லை என்றால் அங்கீகாரப் படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. எந்த ஊரில் முகாம் என்ற அறிவிப்பை மாவட்ட நிர்வாகம் சில நாட்களுக்கு முன்பே வெளியிடும்.